சிகரெட்டை விட்டாச்சு, விட்ட வேகமும் போயாச்சு. இனி எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

டோம்பிவிலிவாசி
ஞாயிறு, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். சிகரெட்டை எப்படி விடுவது என்று கேட்க வரவில்லை. அதற்கு இங்கே பழைய இழைகள் நிறைய இருக்கின்றன, எல்லாம் படித்துவிட்டேன். தீபாவளிக்கு முன்பே விட்டாச்சு. முதல் வாரம் தலைவலி, தூக்கமின்மை, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தது எல்லாம் முடிந்த கதை.

பிரச்சினை இப்போதுதான் வந்திருக்கிறது. சென்னையில் என் மச்சானுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். என்னைவிடச் சின்னவர். ஐ.சி.யூ. வாசலில் நின்ற பயத்தில்தான் விட்டேன். இப்போது அவர் ஜம்மென்று இருக்கிறார். பொங்கலுக்கு மும்பை வருகிறேன் என்கிறார், வாட்ஸாப்பில் ஒரு நாளைக்குப் பத்து ஜோக் அனுப்புகிறார். அவர் தேறத் தேற என் பயமும் கரைந்துவிட்டது. கை நமநம என்று துடிப்பதெல்லாம் இல்லை. அது இருந்தாலாவது சண்டை போடலாம். ரொம்ப நிதானமாக, நியாயமாக ஒரு யோசனை வருகிறது: எப்போதாவது ஒன்று பிடித்தால் என்ன குடி முழுகிவிடும்?

இன்னொன்று. ஆபீஸ் லோயர் பரேலில். கீழே ஒரு டப்ரி, டீயும் சிகரெட்டும் விற்கும் பெட்டிக்கடை. சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் மேனேஜர் உட்படப் பாதி டீம் அங்கேதான் நிற்கும். யாருக்கு எந்த ப்ராஜெக்ட், யார் பேப்பர் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் முதலில் தெரியும். நான் போவதை நிறுத்தியதிலிருந்து எல்லாச் செய்தியும் எனக்குக் கடைசியாகத்தான் வருகிறது.

சிகரெட் என்றில்லை. குடி, எடை, கடன், படிப்பு எதுவானாலும் சரி. ஆரம்ப வேகம் போன பிறகு எதைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்? தன்னம்பிக்கை வீடியோ சுட்டி மட்டும் போடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.


முலுண்ட் மணி
ஞாயிறு, இரவு 10.55

தம்பி, ஒரு காரியத்தை 21 நாள் தொடர்ந்து செய்தால் மூளையே மாறிவிடும். நீங்கள் அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டீர்கள். இனி வருவதெல்லாம் மனப்பிராந்தி. நான் 1994இல் காட்கோபர் ஸ்டேஷனில் முழு பாக்கெட்டைத் தண்டவாளத்தில் வீசினேன், இன்றுவரை தொடவில்லை. மருந்தும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. மன உறுதி. அவ்வளவுதான்.


கோலிவாடா குமார்
ஞாயிறு, இரவு 11.30

மணி சார், உங்களுக்கு நடந்தது நல்லது. ஆனால் எங்கள் ஏரியாவில் வருடா வருடம் நான் பார்ப்பது வேறு.

கார்த்திகை ஒன்றாம் தேதி சயான் கோலிவாடாவிலும் தாராவியிலும் எத்தனை பேர் மாலை போடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதுகிறவன், தினம் குவார்ட்டர் அடிக்கிறவன், எல்லோரும் 41 நாள் தொடுவதில்லை. யாருக்கும் கவுன்சலிங் கிடையாது. இவர்களுக்கு மன உறுதி இல்லை என்று சொல்லவே முடியாது. ஆனால் மலைக்குப் போய்விட்டு வந்து மாலையைக் கழற்றின அன்று சாயங்காலமே கடையில் நிற்கிறார்கள். அப்போ அந்த உறுதி எங்கே போனது?

ரொம்ப நாளாக யோசித்ததில் எனக்குத் தோன்றுவது இது. மாலை போட்டவனை ஊரே 'சாமி' என்கிறது. கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் பான் கடைக்காரனே 'சாமி, என்ன இங்கே?' என்பான். சாராயக் கடைப் பக்கம் கூப்பிடும் கூட்டாளியும் அந்த 41 நாள் கூப்பிட மாட்டான். விடியற்காலையில் குளியல், ராத்திரி பஜனை, குருசாமி வீட்டில் சாப்பாடு என்று நாள் முழுக்க வேலை இருக்கிறது. உறுதி அவன் மனசுக்குள் இருந்ததைவிட அவனைச் சுற்றித்தான் அதிகம் இருந்தது. மாலை கழன்றதும் சுற்றி இருந்ததெல்லாம் ஒரே நாளில் போய்விடுகிறது. டோம்பிவிலி சாருக்கும் அந்த ஐ.சி.யூ. பயம் ஒரு மாலை மாதிரி இருந்திருக்கிறது. மச்சான் எழுந்து உட்கார்ந்ததும் கழன்றுவிட்டது.


செம்பூர் ஜெயா
திங்கள், காலை 6.10

குமார் சொல்வதை ஒரு மனைவியாக நூறு சதவீதம் ஒத்துக்கொள்கிறேன், கூடவே ஒன்று சேர்க்கிறேன். அந்த 41 நாள் 'சுற்றி இருப்பது' யார்? நாங்கள்தான். நாலரை மணிக்கு எழுந்து குளித்து, தனிப் பாத்திரத்தில் சமைத்து, அவர் கோபப்படாமல் இருக்க நாங்கள் வாயைக் கட்டிக்கொண்டு இருப்போம். பிறகு பெருமை மட்டும் அவருக்கு: 'நான் நினைத்தால் எப்ப வேணும்னாலும் விட்டுடுவேன், பார்த்தல்ல?' வருஷா வருஷம் இதே வசனம். முடியும் என்று தெரிந்ததாலேயே விடாமல் இருக்கும் மனிதரை நீங்கள் பார்த்ததில்லை என்றால் எங்கள் வீட்டுக்கு வாங்க, செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் பக்கம்தான். கோயில் படியில் பாதிக்கு மேல் மூச்சு வாங்க நிற்பவர் அவர்தான்.

டோம்பிவிலிவாசி, உங்கள் வீட்டில் கேட்டீர்களா, இந்த இரண்டு மாதம் அவர்களுக்கு எப்படி இருந்தது என்று?


பரேல் செவிலி
திங்கள், பிற்பகல் 3.05

நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

முதலில், டோம்பிவிலிவாசி சொல்வது மனப்பிராந்தி இல்லை. நிகோடின் உடம்பிலிருந்து போவதால் வரும் அவஸ்தை முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கப்புறம் வருவது இடம், நேரம், ஆள் இவற்றோடு ஒட்டிக்கொண்ட நினைப்பு. டப்ரி வாசனை, நாலு மணி, மேனேஜர் முகம். இது மாதக்கணக்கில் வந்து வந்து போகும். ஒவ்வொரு தடவையும் சில நிமிடம்தான் இருக்கும், ஆனால் எதிர்பார்க்காத நேரத்தில் வரும்.

இரண்டாவது, 'எப்போதாவது ஒன்று' என்ற கணக்கு. ஒரு நாளைக்கு இருபது பிடிப்பவருக்கு இருக்கும் அபாயத்தில் இருபதில் ஒரு பங்குதான் ஒன்று பிடிப்பவருக்கு என்று எல்லோரும் நினைக்கிறோம். இதயத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வின்படி (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது), தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கே இருபது பிடிப்பவரின் கூடுதல் இதய நோய் அபாயத்தில் கிட்டத்தட்ட பாதி வந்துவிடுகிறது. மச்சானை நினைத்து விட்டவர் நீங்கள், அதனால் சொல்கிறேன். 'எப்போதாவது' என்பது எத்தனை நாளில் 'தினம் ஒன்று' ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மகாராஷ்டிராவில் சில்லறை சிகரெட் விற்பனைக்கு 2020 செப்டம்பரிலேயே தடை போட்டார்கள். முழு பாக்கெட் வாங்கணும் என்றால் யோசிப்போம், ஒன்று என்றால் கை தானாக நீளும் என்பதுதான் காரணம். டப்ரியில் அந்தத் தடை எப்படி நடக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது யாரும் சொல்லாதது. காபி! சிகரெட் புகையில் இருக்கும் சில பொருள்கள் கல்லீரலை முடுக்கி, கஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. புகையை நிறுத்தினால் சில நாளிலேயே அந்த வேகம் குறைந்துவிடும். நீங்கள் குடிப்பது என்னவோ அதே இரண்டு டம்ளர் டிகாஷன் காபிதான், ஆனால் ரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு தங்கும். படபடப்பு, ராத்திரி தூக்கம் வராதது, காரணமில்லாத எரிச்சல். இதை 'சிகரெட் இல்லாததால் வருகிறது' என்று நினைத்துத்தான் பலர் மறுபடி பற்ற வைக்கிறார்கள். காபியைப் பாதியாக்கிப் பாருங்கள். இதே காரணத்தால், மனநலத்துக்கான சில மாத்திரைகளோ ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலினோ எடுப்பவர்கள் சிகரெட்டை விட்டால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

எதிலும் சுவாரசியம் இல்லாமல் இருப்பது சிலருக்குக் கொஞ்ச நாள் இருக்கும். ஆனால் விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் கூடுவதில்லை, குறையத்தான் செய்கிறது என்று 2014இல் அதே இதழில் இன்னொரு தொகுப்பாய்வு வந்தது. சிகரெட் டென்ஷனைக் குறைக்கிறது என்பது பெரிய ஏமாற்று. அது குறைப்பது தானே உண்டாக்கிய டென்ஷனைத்தான்.


மாட்டுங்கா மாமி
திங்கள், மாலை 5.40

செவிலிப் பொண்ணே, நீ சொன்னதெல்லாம் சரி, காபியில் மட்டும் கை வைக்காதே! ஏற்கெனவே ஒரு சுகத்தை விட்ட பிள்ளை, இன்னொன்றையும் விடச் சொன்னால் வீட்டில் யார் சமாளிப்பது? சாயங்காலக் காபிக்குச் சிக்கரியைக் கொஞ்சம் கூட்டு, பொடியைக் குறை, யாருக்கும் தெரியாது. மாட்டுங்காவில் கடையில் கேட்டால் எந்த விகிதத்திலும் அரைத்துத் தருவான்.

டோம்பிவிலிப் பிள்ளைக்கு: வாயில் போட ஏதாவது வை. கிராம்பு, ஏலக்காய், இல்லாவிட்டால் வெறும் பாக்கு. எங்காத்துல பெரியவர் அப்படித்தான் மூக்குப்பொடியை விட்டார். அப்புறம், சிகரெட்டுக்கு ஒரு நாளைக்கு என்ன செலவு பண்ணினே? நூறு ரூபாய்னு வை. வருஷத்துக்கு முப்பத்தாறாயிரத்துக்கு மேல். அந்தப் பணம் இப்போ எங்கே போறதுன்னு உனக்குத் தெரியுமா? தெரியாது. ஸ்விக்கிக்குப் போயிருக்கும். ஒரு சீட்டில் சேர், மாசா மாசம் கட்டு. கண்ணால் பார்க்கிற பணம் பேசும்.


ஆண்டாப்ஹில் 37
திங்கள், இரவு 9.15

மாமி, மன்னிக்கணும், பாக்கு மட்டும் சொல்லாதீங்க. நான் மாவா போடுறவன். சிகரெட் கிடையாது. மாவா என்றால் சீவின பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு, பிளாஸ்டிக் தாளில் வைத்துத் தேய்த்துத் தருவான். குட்காவுக்கு 2012லேயே இங்கே தடை. அப்போதிருந்து எங்கள் பக்கம் மாவாதான் ராஜா. பதினாறு வயசில் ஆரம்பிச்சது. இப்போ காரமான குழம்பு சாப்பிட்டால் வாய் எரியுது. பானிபூரியை முழுசாக வாய்க்குள் போட முடியலை. பிள்ளைங்க சிரிக்குதுங்க.

புகையிலையை விட்டுட்டு வெறும் பாக்குக்கு மாறினால் சரியாகிடும்னு கடைக்காரனே சொல்றான். சரியா?

டோம்பிவிலிவாசி அண்ணன், நீங்க இரண்டு மாசம் தாண்டியாச்சு. நான் இரண்டு நாள் தாண்டலை. உங்க பிரச்சினையைப் படிச்சா எனக்குப் பொறாமையா இருக்கு.


பரேல் செவிலி
திங்கள், இரவு 9.50

ஆண்டாப்ஹில் தம்பி, சரியே இல்லை. பாக்கே தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்; உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புகையிலையை வைத்திருக்கும் அதே முதல் பிரிவில்தான் பாக்கையும் வைத்திருக்கிறது. வாய் எரிச்சலும், வாய் திறப்பது குறைவதும் பாக்கினால் உள்கன்னத்துச் சதை நார் நாராக இறுகுவதன் அறிகுறியாக இருக்கலாம். கண்ணாடி முன் நின்று, உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் தள்ளிப் போடாதீர்கள். நுழைந்தாலும் எரிச்சல் இருப்பதால் ஒருமுறை காட்டிவிடுங்கள். இறுகிய சதை முழுக்கப் பழையபடி ஆகாது, ஆனால் பாக்கை நிறுத்தினால் மேலே மேலே இறுகுவதைத் தடுக்கப் பார்க்கலாம். இடையில் புற்றாக மாறுகிறதா என்று கண்காணிக்கவும் வேண்டும்.

மாமி, கிராம்பும் ஏலக்காயும் ஓகே. சிக்கரி யோசனையை நானே எடுத்துக்கொள்கிறேன்.


தரவு தாசன்
செவ்வாய், காலை 8.30 (லோக்கலில் தொங்கிக்கொண்டு)

மணி சாரின் 21 நாள் பற்றி. அது அமெரிக்காவில் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியது. முகத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றார். 'குறைந்தது' என்பது வழியில் எங்கேயோ தொலைந்துவிட்டது. பிறகு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2009இல் வெளியானது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, நடப்பது மாதிரி சின்னப் பழக்கம் தானாக வர நடுவாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை. அதுகூட ஒன்றைச் சேர்த்துக்கொள்வதற்கு. விடுவதற்கு இல்லை. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மாமியின் சீட்டுக்கு ஒரு உறவுக்கார ஆராய்ச்சி உண்டு. பிலிப்பைன்ஸில் மிண்டனாவோ தீவில் ஒரு வங்கி புகைப்பவர்களுக்கு ஒரு கணக்குத் திறந்தது. ஆறு மாதம் பணம் போட வேண்டும். கடைசியில் சிறுநீர்ப் பரிசோதனை. நிகோடின் இருந்தால் போட்ட பணம் முழுக்கத் தர்மத்துக்குப் போய்விடும். ஜினே, கார்லன், ஜின்மன் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2010இல் எழுதினார்கள். கணக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டவர்களில் விட்டவர்கள் கேட்கப்படாதவர்களைவிட 3 சதவீதப் புள்ளி அதிகம். ஒரு வருடம் கழித்து, பணம் ஏதும் பணயத்தில் இல்லாதபோது சொல்லாமல் போய்ச் சோதித்தார்கள், அப்போதும் வித்தியாசம் இருந்தது.


செம்பூர் ஜெயா
செவ்வாய், காலை 9.05

3 சதவீதத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?


தரவு தாசன்
செவ்வாய், காலை 9.12

புகையிலை விஷயத்தில் 3 என்பது சின்ன எண் இல்லை மேடம். அந்த 3, கேட்கப்பட்ட எல்லோரையும் சேர்த்துப் பார்த்தது; அவர்களில் பத்தில் ஒருவர்தான் அந்தக் கணக்கையே திறந்தார். தாதர் வந்துவிட்டது, மீதி அப்புறம்.


முலுண்ட் மணி
செவ்வாய், முற்பகல் 11.40

எல்லோரும் சேர்ந்து மன உறுதியைப் பாடையில் ஏற்றிவிட்டீர்கள். மாலை, சீட்டு, சிறுநீர்ப் பரிசோதனை! மனுஷன் தனக்காகத் தானே ஒரு முடிவெடுத்து நிற்க முடியாதா? ஊரார் பார்ப்பதற்காக விட்டால் ஊரார் பார்க்காதபோது பிடிப்பான். குமார் சொன்ன மாலை உதாரணமே அதைத்தானே சொல்கிறது?


பெயர் வேண்டாம்
செவ்வாய், இரவு 11.20

மணி அண்ணா கேட்டது நல்ல கேள்வி. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நான் குடிநோயாளி. குடிக்காமல் இருக்கிறேன், வருடங்கள் ஆகின்றன. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டத்துக்குப் போகிறேன். எங்கே என்று கேட்காதீர்கள், எங்கள் வழக்கம் அது.

விட்டபோது என்னிடம் காரணங்கள் ஒரு மூட்டை இருந்தன. மகள் என்னோடு பேசவில்லை, வேலை போயிற்று, டாக்டர் ஈரலைக் காட்டி மிரட்டினார். டோம்பிவிலிவாசி சொல்வது அப்படியே எனக்கும் நடந்தது. மகள் பேச ஆரம்பித்தாள், வேறு வேலை கிடைத்தது, ரிப்போர்ட் நார்மல். எந்தக் காரணத்துக்காக நிறுத்தினேனோ அந்தக் காரணங்களெல்லாம் நிறுத்தியதாலேயே தீர்ந்துவிட்டன. அந்தச் சமயத்தில்தான் அந்த நிதானமான குரல் எனக்கும் கேட்டது. கெஞ்சுகிற குரலாக இருந்தால் அடையாளம் தெரிந்திருக்கும். இது பேங்க் மேனேஜர் மாதிரி மரியாதையாகப் பேசியது.

அப்போது என்னை நிறுத்தி வைத்தது காரணம் எதுவும் இல்லை. வியாழக்கிழமை டீ என் பொறுப்பு. அவ்வளவுதான். கூட்டம் ஆரம்பிக்க அரை மணி முன்னால் போய்ச் சாவி வாங்கி, நாற்காலி போட்டு, டீ போட வேண்டும். நான் போகவில்லை என்றால் இருபது பேருக்கு டீ இல்லை. குடிக்க வேண்டும் போல் இருந்த வியாழக்கிழமைகளிலும் போனேன், ஏனென்றால் பால் பாக்கெட் என் பையில் இருந்தது. உற்சாகமாகப் போனேன் என்று சொன்னால் பொய்.

எங்கள் அமைப்பு தொடங்கிய கதையும் இப்படித்தான். 1935இல் அமெரிக்காவில் பங்குச்சந்தைக்காரர் ஒருவர், குடியை விட்டுச் சில மாதம் ஆனவர், வேலையாக அக்ரான் என்ற ஊருக்குப் போனார். போன காரியம் தோல்வி. ஹோட்டல் வரவேற்பறையில் ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோன் பக்கம் போய், இந்த ஊரில் என்னை மாதிரி இன்னொரு குடிகாரர் இருக்கிறாரா, அவரோடு பேச வேண்டும் என்று விசாரித்தார். அந்த ஆளைத் திருத்துவதற்காக இல்லை, தான் குடிக்காமல் இருப்பதற்காக. கிடைத்தவர் ஒரு சர்ஜன். அந்த இருவர் பேச்சில் ஆரம்பித்ததுதான் ஏ.ஏ.

மணி அண்ணா, ஊரார் பார்ப்பது வேறு, ஊராருக்கு என்னால் ஒரு வேலை ஆக வேண்டியிருப்பது வேறு. மாலை போட்ட சாமியை எல்லோரும் பார்க்கிறார்கள். அவர் டீ போட வரவில்லை என்று யாரும் காத்திருப்பதில்லை.


கோலிவாடா குமார்
புதன், காலை 7.00

இரண்டு தடவை படித்தேன். எங்கள் குருசாமியை யோசிக்கிறேன். அவர் மட்டும் பல வருஷமாகத் தொடுவதில்லை. முதல் தடவை மாலை போடும் கன்னிச்சாமிகளை அழைத்துப் போகிற பொறுப்பு அவருடையது.


கரோல்பாக் ரவி
புதன், காலை 7.45

டெல்லியிலிருந்து ஒரு எட்டு. இங்கே நவம்பரில் காற்றே சிகரெட்தான், விட்டு என்ன பிரயோஜனம் என்று எங்கள் ஆபீஸில் ஒரு தத்துவம் ஓடுகிறது. சொல்பவர் மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டுப் பற்ற வைத்துக்கொண்டே சொல்கிறார்.


டோம்பிவிலிவாசி
புதன், இரவு 10.10

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஜெயா அக்கா, கேட்டேன். 'முதல் மாசம் உங்களைவிட எனக்குத்தான் கஷ்டம்' என்றாள். அப்புறம் ஒரு லிஸ்ட் வந்தது, இங்கே போட மாட்டேன்.

செவிலி அக்கா, ஆபீஸ் மெஷினில் நான் எத்தனை காபி குடிக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். டப்ரிக்குப் போகாத ஒவ்வொரு தடவையும் அதற்குப் பதிலாகக் காபி மெஷினுக்குப் போயிருக்கிறேன்! தூக்கம் ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறது.

மாமி, ஸ்விக்கி என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? சீட்டு எங்கள் ட்ரெயின் குரூப்பிலேயே ஒன்று ஓடுகிறது. காலை லோக்கலில் பஜனை பாடுகிற மராத்தி கோஷ்டியும் எங்கள் தமிழ்க் கூட்டமும் ஒரே டப்பா, அதாவது ஒரே ரயில் பெட்டி. சேர்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் திடீரென்று என்று கேட்டார்கள், காரணத்தைச் சொன்னேன். இனி வண்டியில் என் சட்டையை மோந்து பார்ப்பார்கள்.

டப்ரிதான் இன்னும் உறுத்துகிறது. போகலாமா வேண்டாமா?


பரேல் செவிலி
புதன், இரவு 10.35

முதல் சில வாரம் என்றால் போகாதே என்றுதான் சொல்வேன். இப்போது போகலாம் என்பது என் கருத்து, எங்கள் கவுன்சலரே இதில் என்னோடு ஒத்துப்போக மாட்டார். போவதற்கு முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள்: யாராவது நீட்டினால் என்ன சொல்வது, கையில் என்ன இருக்கும், எத்தனை நிமிடத்தில் கிளம்புவது. 'நீட்டினால், கட்டிங் டீ டம்ளரை அந்தக் கைக்கு மாற்றிக்கொள்வேன்' என்பது வரைக்கும் குறிப்பாக. அங்கே போய் யோசிக்கிற வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். காற்று வரும் பக்கம் நில்லுங்கள். மூன்று நாள் போய்விட்டு நினைப்பு கூடுகிறது என்றால் நிறுத்திவிடுங்கள், மேனேஜரை வேறு இடத்தில் பிடிக்கலாம்.

இன்னொன்று, நீங்கள் விட்ட பாக்கெட்டிலேயே ஒரு எண் இருக்கிறது, 1800-11-2356. 2018 செப்டம்பரிலிருந்து எல்லாப் புகையிலைப் பாக்கெட்டிலும் அச்சடிக்கிறார்கள், நாம்தான் பார்ப்பதில்லை. தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண், கட்டணம் கிடையாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை மையம் மூலம் தமிழிலும் பேசலாம். ஆண்டாப்ஹில் தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன், மாவாவும் இதில் அடக்கம். மாவாவை முதல் இரண்டு நாளில் தனியாக நின்று விட முடியவில்லை என்பது உங்கள் குறை இல்லை, அந்த இரண்டு மூன்று நாள்தான் மோசமானது. நிகோடின் சூயிங்கம் பற்றி அவர்களிடமே கேளுங்கள். உங்கள் வாய் இருக்கும் நிலையில் அது சரிப்படுமா என்று பல் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.


முலுண்ட் மணி
வியாழன், காலை 6.50

பெயர் வேண்டாம் நண்பரே, நேற்று முழுக்க உங்கள் டீ ஞாபகம்தான். நான் பாக்கெட்டை வீசியது உண்மை. ஆனால் வீசும்போது பக்கத்தில் என் ரூம்மேட்டும் வீசினான் என்பதை இங்கே எழுதவில்லை. அவன் திருநெல்வேலிக்காரன். அடுத்த ஒரு வருஷம் யார் முதலில் பிடிக்கிறான் பார்க்கலாம் என்று ஒருவரை ஒருவர் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தோம். அதற்காக உறுதி தேவையில்லை என்று ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தம் இல்லை.


ஆண்டாப்ஹில் 37
வியாழன், இரவு 8.40

மூணு விரல் நுழையலை. ரெண்டுதான் போகுது, அதுவும் இறுக்கமா.

எங்கே போகணும்? தனியார்ல காட்ட வசதி இல்லை. போறதுக்குப் பயமாகவும் இருக்கு.


பரேல் செவிலி
வியாழன், இரவு 8.55

சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன் பக்கத்தில், செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இல்லாவிட்டால் மும்பை சென்ட்ரலில் நாயர் பல் மருத்துவமனை. உங்களுக்கு ஹார்பர் லைன், அதனால் சி.எஸ்.எம்.டி. சுலபம். காலையில் சீக்கிரம் போய்க் கேஸ் பேப்பர் (நோயாளிச் சீட்டு) எடுத்துவிடுங்கள், வரிசை நீளும். மாவா எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்டினால் திட்டட்டும், வாயைத் திறந்து காட்டிவிட்டு வாருங்கள்.


டோம்பிவிலிவாசி
வியாழன், இரவு 9.30

தம்பி, சனிக்கிழமை எனக்கு லீவு. ஸ்டேஷனில் ஹார்பர் லைன் பிளாட்பாரம் வாசலில் நிற்கிறேன், எட்டு மணிக்கு. நானே கேஸ் பேப்பர் வரிசையில் நிற்கிறேன், நீங்கள் உட்காருங்கள். எனக்கு மராத்தி நன்றாக வரும்.


ஆண்டாப்ஹில் 37
வியாழன், இரவு 9.48

நிஜமாவா அண்ணா? எட்டு வேண்டாம், ஏழரை. என் நம்பர் 98


மட்டுறுத்துநர்
வியாழன், இரவு 9.51

தொலைபேசி எண்ணைப் பொது இழையில் போட வேண்டாம், மீதியை நீக்கிவிட்டேன். இருவரும் தனிச்செய்தியில் பரிமாறிக்கொள்ளுங்கள். மாமி, சிக்கரி விகிதம் கேட்டு ஆறு பேர் எனக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள், சமையல் பகுதியில் ஒரு இழை திறந்துவிடுங்கள்.